மேயர் நாற்காலியிலிருந்து பார்த்தால்

நகர மன்றப் பணியாள் லியோன்ஸ், மேயரின் நாற்காலியில் உட்கார்ந்து, கடிகாரம் கட்டிய கையை முன்னால் நீட்டிப் பார்க்கிறார். "இது இடது" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறார். இருபத்தேழு வருஷமாக இதே அறையில் நாற்காலி போடுகிறவர்தான். ஆனாலும் கையை நீட்டிப் பார்க்காமல் அவருக்கு நம்பிக்கை வராது. பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெயர் அட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்குகிறார். இடதுசாரிகள் மேயருக்கு இடது கைப் பக்கம், வலதுசாரிகள் வலது கைப் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் நடுவே தன் ஷூவால் நான்கு அடி அளந்து நடைபாதை விடுகிறார். மேயர் நாற்காலியை மட்டும் அவர் நகர்த்துவதில்லை. கருவாலி மரத்தில் செய்த அந்தக் கனத்த நாற்காலி, தரைக்கு மெழுகு போடும் நாளில்கூட நின்ற இடத்திலேயே நிற்கும். அதைச் சுற்றித்தான் துடைப்பார்.

வால்ப்ரூன் நகர மன்றத்துக்குப் புதிதாக ஜெயித்து வருகிற எல்லோரும் முதல் நாள் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். வாசல் மேயருக்கு நேர் எதிரே இருக்கிறது. உள்ளே வருகிறவருக்கு எல்லாம் தலைகீழ். போன தேர்தலில் ஜெயித்த மாட்டு வைத்தியர் அம்மா நேராகப் போய் எதிர்க்கட்சிக்காரர்கள் நடுவே உட்கார்ந்துவிட்டார்.

"இதுதானே இடது?"

"வாசல்ல இருந்து பாத்தா இடதுதாம்மா. மேயர் நாற்காலில இருந்து பாக்கணும்."

"இது யாரு வச்ச சட்டம்?"

"பாரீஸ்ல, ராஜா காலத்துல. சபைல ராஜாவுக்கு அதிகாரம் இருக்கட்டும்னவங்க தலைவருக்கு வலது கைப் பக்கம் போய் உக்காந்தாங்களாம். குறைக்கணும்னவங்க இடது கைப் பக்கம். அன்னைக்கு உக்காந்தவங்க இன்னும் எந்திரிக்கல."

அந்த அம்மா சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொல்லணும்னா, நான் எந்தப் பக்கம்னு எனக்கே சரியாத் தெரியலங்க" என்றார்.

"நடுவுல ஒரு நாற்காலி போட்டுடலாம். ஆனா ஒண்ணு, ரெண்டு பக்கத்து எச்சிலும் அங்கதான் வந்து விழும்."

லியோன்ஸ் பள்ளிக்கூடத்தைப் பதினான்கு வயதோடு விட்டவர். கொள்கைப் புத்தகம் எதையும் புரட்டியதில்லை. ஆனால் கூட்டம் முடிந்து பெருக்கும்போது யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இடது பக்கத்தில் கிறுக்கிய காகிதம் நிறையக் கிடக்கும். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் புதுத் திட்டம் உண்டு. வலது பக்கத்தில் காகிதம் குறைவு, பேனாவைத் தட்டித் தட்டி மேஜையில் பள்ளம் விழுந்திருக்கும். "அந்தப் பக்கம், 'இது எல்லாருக்கும் கிடைக்கணும்'பாங்க. இந்தப் பக்கம், 'யார் தலைல கட்டறது? இருக்கறதை ஏன் கெடுக்கறீங்க?'ம்பாங்க. ரெண்டுமே கேக்க வேண்டிய கேள்விதான். நடுவுல இருக்கறவங்க கடிகாரத்தைப் பாப்பாங்க." இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொருவர் உண்டு. ஜன்னலோரத்தில் இருப்பவர் நாளைக் காலைக்குள் எல்லாவற்றையும் இடித்துக் கட்ட வேண்டும் என்பார். அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் ஓரத்தில் இருப்பவர் தாத்தா காலத்து வால்ப்ரூன் திரும்பி வர வேண்டும் என்பார். "கத்துற சங்கதி வேற. ஆனா தண்ணி பாட்டிலை முதல்ல காலி பண்றது இவங்க ரெண்டு பேருதான்."

தபால் நிலையத்தை மூடும் பேச்சு வந்த மாதத்தில் மட்டும் லியோன்ஸுக்கே தலை சுற்றியது. அன்றைக்கு இடது பக்கம் எழுந்து, "பழசை அழிக்காதே, அப்படியே இருக்கட்டும்" என்று கத்தியது. வலது பக்கம், "காலம் மாறிடுச்சு, நாமளும் மாறணும்" என்றது. அவர் கதவருகே நின்று, தான்தான் அட்டைகளை மாற்றி வைத்துவிட்டோமோ என்று பயந்து, கடிகாரக் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். சரியாகத்தான் வைத்திருந்தார். "காக்கறவன் யாரு, மாத்தறவன் யாருன்னு மாசத்துக்கு மாசம் மாறுது. நாற்காலிதான் மாற மாட்டேங்குது" என்று அன்று மாடிப்படியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி சொன்னார். கூட்டம் பதினொரு மணியைத் தாண்டினால் கதவைத் திறந்து அவர் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. ஊருக்கே அது தெரியும்: "முட்டி வலிக்குது. பேசி முடிங்க."

ஊரில் காப்பிக்கடை இரண்டு. ரயிலடிக் கடை இடதுசாரிகளுடையது. தேவாலயத்துக்கு எதிர்க்கடை வலதுசாரிகளுடையது. லியோன்ஸுக்குத் திங்கள், புதன், வெள்ளி ரயிலடி. செவ்வாய், வியாழன், சனி எதிர்க்கடை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தானே போட்டுக் குடிப்பார். ஒரு நாள் மாறிப் போனால்கூட ஊர் பேசும். "ரெண்டு கடைலயும் ஒரே மூட்டைக் கொட்டைதான். கொண்டாந்து எறக்கற வண்டியும் ஒண்ணுதான்." பத்திரிகையும் இரண்டு வாங்குகிறார். எதிரே வருகிற ஆளைப் பொறுத்து எது உள்ளே, எது வெளியே என்று மடித்துக்கொள்வார்.

தேர்தலன்று ஒவ்வொரு கட்சியின் பெயர்ச் சீட்டும் மேஜையில் அடுக்கியிருக்கும். மக்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், வேண்டியதை உறையில் போட்டுவிட்டு மிச்சத்தைக் குப்பைக் கூடையில் எறிவார்கள். லியோன்ஸ் எல்லாக் கட்சிச் சீட்டிலும் ஒன்று விடாமல் எடுப்பார். அன்று மாலை அந்தக் கூடையைக் கொட்டுகிறவரும் அவர்தான். முகட்டைப் பார்த்தபடியே கொட்டுவார். அவர் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய மனைவி சொலாஞ்ஜ் ஒருத்திக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கடைசிப் படுக்கையில் இருந்தபோது, "போகப் போறேன், இப்பவாவது சொல்லித் தொலையேன்யா" என்று கேட்டாள். அவர் குனிந்து காதில் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்து பார்த்தாள்.

அவரைத் தங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்ள இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சொலாஞ்ஜின் அண்ணன் மார்சோ. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கத்து ஆள், இடது பக்கத்து முதல் நாற்காலி. "மச்சான் நம்ம ஆளுய்யா. அந்த முட்டியைப் பாரு, உழைச்சுத் தேஞ்ச முட்டி" என்பார். இன்னொருவர் ஊபேர் சாஸ்தெல். வாதுமைத் தோப்புக்காரர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், வலது பக்கத்து முதல் நாற்காலி. "எங்க ஆளுதாங்க அவர். கால்ல பாருங்க, இருபது வருஷமா அதே ஷூ. எதையும் மாத்த விடமாட்டார்" என்பார். ஊபேரின் மகன் திபோவைத்தான் லியோன்ஸின் ஒரே மகள் மகெலோன் கட்டியிருக்கிறாள். ஆக ஒருவர் மச்சான், ஒருவர் சம்பந்தி. நடுவில் லியோன்ஸ்.

மகளும் மருமகனும் கியூபெக்கில் இருக்கிறார்கள். அங்கே போன நவம்பரில் பேத்தி பிறந்தாள். அப்போலின் என்று பெயர். எட்டு மாதம் ஆகிறது. லியோன்ஸ் அவளைக் கைப்பேசிக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார். அவருடைய கைப்பேசியின் நடுவில் எப்போதும் ஒரு மங்கல் இருக்கும். மூக்கை வைத்து அழுத்துகிற இடம் அது. அவளுக்கு முதல் பல் வந்த அன்று, நகர மன்றத்து அறிவிப்புப் பலகையில் குடிநீர் நிற்கும் நாட்களுக்குக் கீழே ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது: "அப்போலினுக்குப் பல் வந்துவிட்டது. கீழ்ப் பல்." மேயரம்மா அதைக் கிழிக்கவில்லை.

சண்டை, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிட்டது. ஊபேருக்குத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். நான்கு தலைமுறைப் பிள்ளைகள் போட்ட வெள்ளை அங்கி அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. மார்சோவுக்கோ நகர மன்றத்தில் மேயர் முன்னால் நடக்கிற குடியரசுப் பெயர்ச்சடங்குதான் வேண்டும். சாமி இல்லை, தண்ணீர் இல்லை. ஏற்கெனவே பதிந்த பெயரைச் சொல்லி மேயர் நாலு வரி படிப்பார், பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்கிறவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். இதற்கும் முன்பே, இரண்டு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் விருந்தில் வரியைப் பற்றி ஆரம்பித்த பேச்சில் இந்த இரண்டு பேரும் எழுந்து நின்று கை துடைக்கும் துணியை மேஜையில் அடித்ததில் வாத்துக் கறித் தட்டு கவிழ்ந்தது. மகெலோன் அன்று ராத்திரியே பெட்டியைக் கட்டினாள். அதற்குப் பிறகு வால்ப்ரூனில் கால் வைக்கவில்லை.

இந்த வருஷம் வசந்தத்தில் அவளே கூப்பிட்டாள்.

"ஜூலைல வர்றோம்ப்பா. மேயரம்மா முன்னாடி பேர் வைக்கறோம். கோயில் கீயில்லாம் அவ வளந்து கேட்டா அவளே பாத்துக்குவா. ரெண்டு குடும்பமும் ஒரே அறைல, ஒண்ணா உக்காரணும். யாராவது கட்சி கட்டினாங்கன்னா, அப்படியே திரும்பிப் போயிடுவேன். பிள்ளையை யார் கைலயும் குடுக்கமாட்டேன். உங்க கைலயும்தான்."

"என் கைல குடுக்காம எப்படிம்மா?"

"உங்களால அவங்களை அடக்க முடியும்லப்பா. பேசுங்க."

அன்றிலிருந்து லியோன்ஸின் முட்டிக்கு ஓய்வில்லை. ரயிலடிக் கடைக்கும் எதிர்க்கடைக்கும் நடுவே அவர் நடந்த நடையில் பஸ்ஸே விட்டிருக்கலாம். ஊபேர், அந்த வெள்ளை அங்கியையாவது போட்டுவிட வேண்டும் என்றார். அங்கி போட்டால் அது கோயில் சடங்காகிவிடும் என்றார் மார்சோ.

"மச்சான், அது துணி. எட்டு மாசப் பிள்ளை. அஞ்சு நிமிஷத்துல கக்கி வச்சிடும்."

"கக்கறது பிரச்சினை இல்லடா. கொள்கை."

"எனக்குக் கொள்கை வேண்டாம் மச்சான். பிள்ளை வேணும்."

மார்சோ கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, அங்கியைப் போடலாம், ஆனால் அதில் தைத்திருக்கிற சிலுவையைப் பின்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும் என்றார். ஊபேரிடம் இதை எப்படிச் சொல்வது என்று லியோன்ஸ் மூன்று நாள் தூங்கவில்லை. கடைசியில் சொல்லாமலே விட்டார்; மகளுக்கு அனுப்ப ஊபேர் கொடுத்த அங்கியில் மார்சோவே சிலுவையைத் திருப்பித் தைத்தார்.

பேத்திக்குத் தொட்டில் ஒன்றைத் தானே செய்தார். வாதுமைப் பலகை ஊபேர் கொடுத்தது. ரயில்வே ஆணிகள் மார்சோ கொடுத்தது. வர்ணம் பூசும்போதுதான் கை நின்றது. சிவப்பு அடித்தால் மார்சோ குதிப்பார். நீலம் அடித்தால் ஊபேர் நெஞ்சை நிமிர்த்துவார். பச்சைக்கும் இப்போது ஒரு கட்சி வந்துவிட்டது. மஞ்சள் அடிக்கலாமென்றால், மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சாலையை மறித்தவர்களின் ஞாபகம் வந்தது. டப்பாவை மூடிவிட்டு, மரத்தை மரமாகவே இழைத்து, மெழுகு தேய்த்து வைத்தார்.

ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கே லியோன்ஸ் கூட்ட அறையைத் திறந்தார். மேயர் மேஜையில் வயல் பூக்கள் வைத்தார். இருபத்து நான்கு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். முந்தின இரவு, சொலாஞ்ஜ் எழுதுகிற மாதிரியே எழுத முயன்று, ஒவ்வொருவர் பெயரையும் அட்டையில் எழுதியிருந்தார். கையில் அட்டை, மனம் முழுக்கப் பேத்தி. மூன்று மணிக்கு ரயில் வரும்; அங்கிருந்து நேரே மன்றத்துக்கு வருவதாக மகெலோன் சொல்லியிருந்தாள். பிள்ளை தன்னைப் பார்த்து அழுமா? கண்ணாடிக்குள் பார்த்த முகத்தை நேரில் அடையாளம் தெரியுமா? இப்படி நினைத்துக்கொண்டே மேயர் நாற்காலியில் உட்கார்ந்து, கடிகாரக் கையை நீட்டிப் பார்த்து, எழுந்து, அட்டைகளை வைத்து முடித்தார். நடுவே ஷூவால் நான்கு அடி அளந்தார்.

நான்கு மணிக்குச் சொந்தக்காரர்கள் வந்து அவரவர் அட்டையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மேயரம்மா மூவர்ணப் பட்டையைப் போட்டுக்கொண்டு தன் நாற்காலியில் அமர்ந்தார். மார்சோ கண்ணாடியைத் துடைத்தார். ஊபேர் தொண்டையைச் செருமினார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லிக்கொண்டார்கள். லியோன்ஸ் கதவருகே, அவருடைய வழக்கமான இடத்தில் நின்றார்.

வாசலில் மகெலோன் வந்து நின்றாள். இடுப்பில் வெள்ளை அங்கியோடு அப்போலின். பின்னால் பெட்டியோடு திபோ. பிள்ளையின் உச்சியில் நாலு முடி நட்டமாக நின்றது. இரண்டடி தூரம். லியோன்ஸின் கை தானாக எழுந்தது.

மகெலோன் அவரைப் பார்க்கவில்லை. அறையைப் பார்த்தாள். மேயருக்கு இடது கைப் பக்கம் பன்னிரண்டு நாற்காலி, வலது கைப் பக்கம் பன்னிரண்டு நாற்காலி, நடுவே நான்கு அடி. இடது பக்கம் அம்மா வீட்டு ஆட்கள். வலது பக்கம் சாஸ்தெல் வீட்டு ஆட்கள். இடது பக்கத்து முதல் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் அவள் பெயர். வலது பக்கத்து முதல் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் அவள் புருஷன் பெயர்.

"அப்பா" என்றாள். "என்னை அந்தப் பக்கம் போட்டிருக்கீங்க. இவரை இந்தப் பக்கம் போட்டிருக்கீங்க."

லியோன்ஸ் அப்போதுதான் பார்த்தார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. மச்சானும் கேட்கவில்லை, சம்பந்தியும் கேட்கவில்லை. இருபத்தேழு வருஷம் பழகிய கை, கட்டினவனையும் கட்டினவளையும் பிரித்து வைத்திருந்தது.

"நீங்களுமா அப்பா? சரி, சொல்லுங்க. என் பொண்ணை எந்தப் பக்கம் உக்கார வைக்கறது?"

"நம்ம பக்கம்தான் கண்ணு! வேற எங்க?" என்று மார்சோ பாதி எழுந்தார்.

"அது எப்படிங்க? பிள்ளையோட குடும்பப் பேரு சாஸ்தெல்" என்று ஊபேர் முழுதாக எழுந்தார்.

"பேர் வைக்கத்தானே வந்திருக்கோம், அதுக்குள்ள பட்டா போட்டாச்சா?"

"அங்கியைத் திருப்பித் தச்சது யாருன்னு எனக்குத் தெரியும், மார்சோ!"

மகெலோன் ஓரடி பின்னால் வைத்தாள். வாசலைத் தாண்டி நடைக்கே போய்விட்டாள். திபோ இன்னும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. பிள்ளை பெரியவர்களின் சத்தத்தைக் கேட்டு உதட்டைப் பிதுக்கியது.

அந்தக் கதவைத் திறந்து எத்தனையோ முறை சொன்ன வாசகம் லியோன்ஸின் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. நடைபாதையின் நான்கு அடி நடுவே, ஒரு காலை இழுத்துக்கொண்டு, மேயர் மேஜை வரைக்கும் நடந்தார்.

"மேயரம்மா, கொஞ்சம் எந்திரிங்க."

"என்ன லியோன்ஸ்?"

"எந்திரிங்கம்மா."

மேயரம்மா எழுந்தார். லியோன்ஸ் கருவாலி நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தார். அது நின்ற இடத்தில் நான்கு கால்களின் தடமும் தரையில் வெளுப்பாக, மெழுகு படாமல் கிடந்தது. நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டு இரண்டு குடும்பத்துக்கும் நடுவே போனது. மார்சோ வாயைத் திறந்தபடியே காலை ஒதுக்கினார். ஊபேர் தன் பக்கத்து அட்டை ஒன்று கீழே விழுந்ததை எடுக்கவில்லை. "லியோன்ஸ், முட்டி... நான் பிடிக்கறேன்" என்று யாரோ சொன்னார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல்படியில் நாற்காலி ஒரு தடவை சிக்கியது. மூச்சு வாங்க நின்று, தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

வெளியே நடையில், அறைக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து அதைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே பின்னிருக்கைக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்று தெரியாமல் நாற்காலிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

மகெலோன் பெட்டிக்கும் அவருக்கும் நடுவே நின்றாள். போகவும் இல்லை, வரவும் இல்லை. பிள்ளை அழுகையை மறந்து, தாத்தாவின் மூக்கையே பார்த்தது.

லியோன்ஸ் கடிகாரத்தின் வாரை அவிழ்த்தார். கொக்கி பிள்ளையின் உடம்பில் கீறிவிடப் போகிறது என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினார்.